அப்பாவின் ஊனச் சான்று: போர்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இன்னும் என்ன ரிப்போர்ட் வேண்டும்?

தறிச்சத்தம்: அவசரம். அப்பாவுக்குப் பக்கவாதம். புதன்கிழமை, ஊனச் சதவீதம் போடும் மெடிக்கல் போர்டுக்குக் கூட்டிப் போனேன். எம்ஆர்ஐ, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு என்று ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுபோயும் "இப்போ போட முடியாது, அப்புறம் வாங்க" என்றுவிட்டார்கள். ஆட்டோவுக்கே 600 ரூபாய். தனியாரில் இன்னொரு ஸ்கேன் எடுத்தால் ஒத்துக்கொள்வார்களா?

முல்லைக்கொடி: பக்கவாதம் வந்து எத்தனை மாதம்? கை காலா, பேச்சுமா? சான்று எதற்கு?

கணக்கு_ரவி: வருமான வரிக்கு என்றால் மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிப்பவருக்கான கழிவைப் பாருங்கள். 40 சதவீதம் இருந்தால் 75,000, 80 தாண்டினால் 1,25,000 கழிக்கலாம். பழைய வரி முறையில் மட்டும்.

முல்லைக்கொடி: ரவி, அவர் வரி கட்டுகிறார் என்று எங்கே சொன்னார்?

ஒருத்தன்: ஆள் பிடிக்காமல் போர்டில் எதுவும் நகராது தம்பி. வாசலிலேயே தரகர்கள் நிற்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

திண்ணை: அந்த யோசனையை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். போலிச் சான்றில் மாட்டினால் உள்ளே போவது நீங்களல்ல, அவர். தறிச்சத்தம், இதே கேள்விக்கு நான் பதில் எழுதியே கை தேய்ந்துவிட்டது. பழைய இழையைத் தேடுகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. என்றைக்கு வந்தது என்றுகூடச் சொல்லாமல் என்ன ரிப்போர்ட் வேண்டும் என்றால் ஜோசியமா பார்ப்பது?

தறிச்சத்தம்: மன்னிக்கவும் சார். பொங்கல் கழிந்து வந்தது. வலது கை, கால். பேச்சும் சரியில்லை. உதவித்தொகைக்குத்தான்.

திண்ணை: பொங்கல் கழிந்து என்றால் இன்னும் நாலு மாதம்தான். நரம்புப் பாதிப்பை ஆறு மாதம் ஆன பிறகுதான் அளப்பார்கள், அதற்குள் கை கொஞ்சம் திரும்பலாம் என்பதால். திருப்பி அனுப்பியது காகிதம் போதாமல் அல்ல. ஸ்கேனுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

இயன்முறை_செல்வி: நான் பிசியோதெரபிஸ்ட். எம்ஆர்ஐயில் ரத்தக்குழாய் அடைத்தது தெரியும், அப்பாவால் சோற்றைப் பிசைய முடியுமா என்பது தெரியாது. போர்டு பார்ப்பது அதைத்தான். அரசு மருத்துவமனையிலேயே மாதம் ஒருமுறை காட்டி, கை பலம், நடை, விறைப்பு எல்லாவற்றையும் ஓபி சீட்டில் தேதியோடு எழுதி வாங்குங்கள். பேச்சு குழறுகிறதா, இல்லை சொல்லே சிக்கவில்லையா? இரண்டுக்கும் பரிசோதனை வேறு வேறு. காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டு, பேச்சுப் பயிற்சியாளரிடம் மதிப்பெண்ணோடு அறிக்கை வாங்குங்கள். பாதிப் பேர் கை காலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கணக்கு_ரவி: அப்போ கைகால் 60, பேச்சு 30 என்றால் 90!

திண்ணை: கணக்கில் மட்டும் பிழை விடாதீர்கள் சார். பெரிய எண்ணோடு அப்படியே கூட்ட மாட்டார்கள். சூத்திரத்தில் 90 என்பது மாறாத எண். அதில் இருந்து 60ஐக் கழித்தால் 30, அதைப் பேச்சின் 30ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 10. மொத்தம் 70.

முல்லைக்கொடி: எங்கள் அப்பா கதை சொல்கிறேன். போர்டு நாளில் வெள்ளைச் சட்டை தேய்த்துப் போடச் சொன்னார், பொத்தான் அத்தனையும் நான்தான் போட்டுவிட்டேன். டாக்டர் "எப்படி இருக்கீங்க" என்றதும் "நல்லா இருக்கேங்க" என்று வராத கையை இடது கையால் தூக்கிக் கும்பிட்டார். மனுஷனுக்கு மானம். நான் வாயைத் திறக்காமல் நின்றேன், சதவீதம் குறைந்துதான் வந்தது. கூடப் போகிறவர் சொல்லுங்கள்: யார் குளிப்பாட்டுகிறார்கள், இந்த மாதம் எத்தனை தடவை விழுந்தார். கூட்டிச் சொல்ல வேண்டாம், நடப்பதைச் சொன்னால் போதும்.

வேலுமயில்: தலைப்பில் "ஊனம்" என்று போட்டிருக்கிறதே, மாற்றுத்திறனாளி என்று எழுதக் கூடாதா? 2010இலேயே துறையின் பெயரையே மாற்றியாகிவிட்டது.

ஒருத்தன்: பெயரை மாற்றினார்கள், படிக்கட்டை மாற்றவில்லையே.

வேலுமயில்: எனக்கு இரண்டு காலும் போலியோ. படிக்கட்டை நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டே வளர்ந்தவன் நான்.

கணக்கு_ரவி: ஆனால் ஊரில் சான்று கேட்டால் ஊனச் சான்று என்றால்தானே புரிகிறது...

திண்ணை: இதற்குத் தனி இழை போடுங்கள். தறிச்சத்தம், கடைசியாக ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தரும் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கடும் பாதிப்புக்கு, 75 சதவீதம் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் தரும் ஓய்வூதியம் வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இ-சேவையில் இப்போதே பதிந்து வையுங்கள்.

இயன்முறை_செல்வி: மூல டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், நகல் கொடுங்கள்.

*(மூன்று மாதம் கழித்து)*

தறிச்சத்தம்: போய் வந்தோம். பேச்சு அறிக்கையும் காட்டினேன். 68 போட்டார்கள். யுடிஐடி மஞ்சள் கார்டு. எல்லாருக்கும் நன்றி.

முல்லைக்கொடி: 68 என்றால் அந்த 2,000 வராதே? தாலுகாவில் மனு கொடுத்தீர்களா?

முல்லைக்கொடி: தம்பி, இருக்கிறீர்களா?