'மன ஒத்திகை' போதும்

வணக்கம் ஐயா,

தண்ணீரில் இறங்காமலே போட்டியை மனசுக்குள் நீந்திப் பார்க்கும் பயிற்சிக்கு, நீச்சல் உளவியலுக்காக நீங்கள் தந்த 'மனவெள்ளோட்டம்' என்ற சொல்லை இரண்டு நாளாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன். அழகான சொல்தான். ஆனால் வெள்ளோட்டம் என்பது சாமி ஏறாத தேர், வீதியில் ஒரு சுற்று, அதோடு முடிந்தது. போட்டிக்குப் போகிற பிள்ளைகள் இதைத் தினமும் செய்கிறார்கள், முழுப் பாரத்தோடு செய்கிறார்கள்.

'காட்சிப்படுத்தல்' புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது கண்ணோடு நின்றுவிடுகிறது. என் அக்கா மகள் பென்னாகரம் பக்கத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவள், இப்போது 100 மீட்டர் போட்டிக்குத் தயாராகிறாள். விடியற்காலை திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்து, கைப்பேசியில் நேரத்தை ஓடவிடுவாள். தோள் லேசாக அசையும். திரும்பும் இடத்தில் மூச்சை அடக்குவாள். கடைசியில் சுவரைத் தொடுவதுபோல் விரலை நீட்டி நேரத்தை நிறுத்துவாள். குளத்தில் நீந்தும் நேரத்துக்கும் இதற்கும் இரண்டு மூன்று நொடிதான் வித்தியாசம். "என்ன தெரியுது?" என்றேன். "ஒண்ணும் தெரியல மாமா, கையில தண்ணி கனக்குது" என்றாள். இதைக் காட்சி என்று எப்படிச் சொல்வது?

போட்டியில் ஏதாவது தவறிப்போனால் சமாளிப்பதும் இந்தச் சொல்லுக்குள் வர வேண்டும். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸை இரவும் காலையும் போட்டியை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வைத்தவர் பயிற்சியாளர் பாப் பௌமன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலின்போது ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து பார்வை மறைந்தது. கைவீச்சை எண்ணியே சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 நொடி, உலக சாதனை. கண் உதவாத இடத்தில் கைகொடுத்த பயிற்சிக்குக் கண்ணை வைத்துப் பெயரிடுவது எனக்கு ஒப்பவில்லை.

'உள்நீச்சல்' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் தண்ணீருக்கடியில் முங்கிப் போவதைத்தான் நினைப்பார்கள். 'அகவொத்திகை'யும் எழுதிப் பார்த்தேன், மயில் அகவுவதுபோல் இருக்கிறது.

ஆகவே 'மன ஒத்திகை', பிரித்தே எழுதலாம். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துக்காரர்கள் ஒத்திகையில் பாட்டு, அடவு, தாளம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். அடி தப்பினால் அங்கேயே திருத்திக்கொள்வார்கள். குளத்தங்கரையில் நிற்கும் விளையாட்டு ஆசிரியர், "போய் ஒரு மன ஒத்திகை பார்த்துட்டு வா" என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிற சொல் இது.

அந்தக் 'கை கனக்கிற' உணர்வுக்குத் தனியாக 'அசைவுணர்வு' என்று வைத்திருக்கிறேன். அது பொருந்துகிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஐயா.