ஹாபிட் படத்திலிருந்து ஜாக்சனை நீக்கியதும் திரும்ப அழைத்ததும்: உண்மையில் சண்டை எதைப் பற்றி?

கடலோடி (கேள்வி)

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்று படங்களும் 2001, 2002, 2003 டிசம்பர்களில் வந்தன. மூன்றாவது படம் 11 ஆஸ்கர் வாங்கியது. அப்படி எடுத்துக் கொடுத்த பீட்டர் ஜாக்சனையே 2006-இல் நியூ லைன் ஸ்டுடியோ அதன் முன்கதையான ஹாபிட்டுக்கு வேண்டாம் என்றது. 2008-இல் இயக்குநராக கியெர்மோ டெல் டோரோ வந்தார். 2010-இல் அவரும் விலக, மறுபடி ஜாக்சனே. எங்கே தேடினாலும் 'ஈகோ சண்டை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. நியூ லைன் மீது ஜாக்சன் போட்ட வழக்கு எதைப் பற்றியது? உரிமை காலாவதியாகப் போகிறது என்றார்களே, அது யாருடைய உரிமை? டெல் டோரோ இரண்டு வருடம் வேலை பார்த்தும் படப்பிடிப்பே தொடங்காதது ஏன்?

ஏட்டுச்சுவடி

உரிமையிலிருந்து தொடங்கினால்தான் மற்ற இரண்டும் புரியும்.

கதாசிரியர் டோல்கீன் 1969-லேயே இரண்டு கதைகளின் பட உரிமையையும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பட நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 1976-இல் தயாரிப்பாளர் சால் ஜான்ட்ஸ் அதை வாங்கினார். ஹாபிட்டில் மட்டும் ஒரு துண்டு விட்டுப்போனது. படம் தயாரிக்கும் உரிமை ஜான்ட்ஸிடம் வந்தது, விநியோக உரிமை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸிடமே தங்கிவிட்டது. 1981-இல் அந்த நிறுவனத்தை எம்ஜிஎம் ஸ்டுடியோ வாங்கியபோது அந்தத் துண்டும் கூடவே போனது. ஆக, ஒருவர் படம் எடுக்கலாம், வெளியிட முடியாது. இன்னொருவர் வெளியிடலாம், எடுக்க முடியாது. தொண்ணூறுகளில் ஜாக்சன் முதலில் போட்ட திட்டமே ஹாபிட் ஒரு படம், பிறகு ரிங்ஸ் இரண்டு படம் என்பதுதான். இந்த முடிச்சு அவிழாததால்தான் நேராக ரிங்ஸுக்குப் போனார்.

நியூ லைன் கையில் இருந்தது ஜான்ட்ஸ் வழியாக வந்த தயாரிப்பு உரிமை, அதுவும் கெடு வைத்தது. இப்படிக் கெடு வைத்துத் தருவதற்கு ஆப்ஷன் என்று பெயர், அது கிரயம் இல்லை. "இத்தனை வருடத்துக்கு வேறு யாருக்கும் தரமாட்டேன்" என்று பணம் வாங்கிக்கொண்டு ஒதுக்கி வைப்பது. கெடுவுக்குள் வேலை தொடங்காவிட்டால் உரிமை கொடுத்தவரிடமே திரும்பிவிடும். 'தொடங்குவது' என்ற சொல்லில்தான் சிக்கலே. திரைக்கதை எழுதி முடித்தால் போதுமா, கேமரா ஓட வேண்டுமா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். கெடு நெருங்க நெருங்க, யார் நன்றாக எடுப்பார் என்ற கேள்வி பின்னுக்குப் போய், யார் உடனே வருவார் என்பது முன்னால் வந்து நிற்கும்.

2006 நவம்பரில் ஜாக்சனும் அவருடன் திரைக்கதை எழுதும் ஃபிரான் வால்ஷும் ரசிகர்களுக்கு ஒரு வெளிப்படையான கடிதம் எழுதினார்கள். நியூ லைன் தங்களிடம் சொன்ன காரணமாக அதில் குறிப்பிட்டிருந்ததும் இந்தக் கெடுவைத்தான்.

நிழற்பதிவு

வழக்கைப் பற்றி. 2005-இல் ஜாக்சனின் விங்நட் நிறுவனம் போட்டது, முதல் படத்தின் கணக்கை மட்டும் வைத்து. அவருக்குப் படத்தின் வருமானத்தில் பங்கு உண்டு. தியேட்டர் வசூலோடு டிவிடி, பொம்மை, புத்தகம், கம்ப்யூட்டர் கேம் என்று கிளை வருமானமும் அதில் சேரும். கணக்கைச் சரிபார்க்க முழுத் தாள்களும் தரப்படவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. இன்னொன்று, கிளை உரிமைகளை வெளி ஏலத்துக்கு விடாமல் நியூ லைனின் தாய் நிறுவனமான டைம் வார்னர் குடும்பத்து நிறுவனங்களுக்கே கொடுத்தார்கள் என்பது.

இது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. வெளிச்சந்தையில் 1 கோடி டாலர் போகும் ஓர் உரிமையை சகோதர நிறுவனத்துக்கு 60 லட்சத்துக்குத் தருகிறார்கள் என்று வையுங்கள். தாய் நிறுவனத்துக்கு நஷ்டமே இல்லை, இடது பையிலிருந்து வலது பைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் 5% பங்கு உள்ளவருக்கு 5 லட்சம் வரவேண்டிய இடத்தில் 3 லட்சம்தான் வரும். இது எந்தப் பக்கத்திலும் 'செலவு' என்று பதிவாகாது. பங்குதாரர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால்தான் பிடிபடும். அதனால்தான் ஆடிட் உரிமை ஒப்பந்தத்தின் உயிர்நாடி.

ஜாக்சன் தரப்பு சொன்னது: முதலில் வழக்கை முடிப்போம், ஹாபிட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். அவர்களுடைய கடிதத்தின்படி, ஹாபிட்டை எடுத்துத்தர ஒப்புக்கொண்டால் வழக்கையும் முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை ஸ்டுடியோ பக்கமிருந்து வந்தது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதுதான் நியூ லைன் செய்த பெரிய தவறு என்பது என் கருத்து. ஒரு பக்கம் கெடு ஓடுகிறது, இன்னொரு பக்கம் வழக்குக்கு அவசரமே இல்லை. அவசரம் உள்ளவன்தான் பேரத்தில் இறங்கிவர வேண்டியிருக்கும். 2007 ஜனவரியில் நியூ லைன் தலைவர் ராபர்ட் ஷே, தான் இருக்கும்வரை ஜாக்சன் இங்கே படம் எடுக்கமாட்டார் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆவணங்களை ஒப்படைக்காததற்காக நீதிமன்றம் நியூ லைனுக்கு 1,25,000 டாலர் அபராதம் போட்டது.

ஜாக்சன் மட்டும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஜான்ட்ஸே 2004-இல் வழக்குப் போட்டார். தன் பங்கை மொத்த வருமானத்தில் கணக்கிடாமல் கழிவுகள் போன மிச்சத்தில் கணக்கிட்டார்கள் என்றார். அடுத்த ஆண்டு சமரசம். 2008 பிப்ரவரியில் டோல்கீன் அறக்கட்டளை வந்தது: 7.5% தங்களுக்கு வரவேண்டும், வரவில்லை, ஹாபிட் உரிமையையே ரத்து செய்யுங்கள் என்று. அது முடிய 2009 செப்டம்பர் ஆனது.

கடலோடி

மிக்க நன்றி இருவருக்கும். இவ்வளவு கறாராகப் பேசிய ஷே 2007 டிசம்பரிலேயே ஜாக்சனுடன் கைகோர்த்தது எப்படி?

நிழற்பதிவு

இரண்டு அழுத்தம். ஒன்று எம்ஜிஎம். விநியோக உரிமை அவர்களிடம் இருந்ததால் அவர்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது, அவர்களோ 2006-லேயே ஜாக்சன் விஷயம் இன்னும் முடிந்துவிடவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது, நியூ லைனின் சொந்த நிலைமை. 2007 டிசம்பர் 7 அன்று அவர்களுடைய அடுத்த பெரிய ஃபேண்டஸி, தி கோல்டன் காம்பஸ், அமெரிக்காவில் வெளியானது. செலவு சுமார் 18 கோடி டாலர், அங்கே வசூல் சுமார் 7 கோடி. வெளிநாடுகளில் 30 கோடியைத் தாண்டியது, ஆனால் அந்த உரிமைகளை முன்கூட்டியே விற்றுச் செலவுக்குப் போட்டிருந்ததால் பெருவசூல் அவற்றை வாங்கிய விநியோகஸ்தர்களுக்கே போனது. ரிங்ஸில் முன்விற்பனை ஸ்டுடியோவைக் காப்பாற்றிய அதே வழி, இங்கே கழுத்தைப் பிடித்தது. இயக்குநர் குழப்பமும் அந்தப் படத்தில் உண்டு: கிறிஸ் வைட்ஸ் விலகி, ஆனந்த் டக்கர் வந்து, கருத்து வேறுபாட்டில் அவர் போய், மறுபடி வைட்ஸ்.

டிசம்பர் 18 அன்று சமரசம் அறிவிக்கப்பட்டது. இரண்டு படங்கள், எம்ஜிஎம்மும் நியூ லைனும் செலவில் பாதிப் பாதி, வட அமெரிக்கா நியூ லைனுக்கு, மற்ற நாடுகள் எம்ஜிஎம்முக்கு. ஜாக்சன் நிர்வாகத் தயாரிப்பாளர். 2008 தொடக்கத்திலேயே நியூ லைன் வார்னர் பிரதர்ஸுக்குள் இணைக்கப்பட்டது, ஷேயும் வெளியேறினார்.

பனிமலை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சண்டை போட்ட இருவரில் ஒருவர் போய்விட்டார், ஆனால் 'பாதிப் பாதி' என்ற ஏற்பாடு அப்படியே நின்றது. அதில் ஒரு பாதி எம்ஜிஎம். அவர்கள் தலையில் பல நூறு கோடி டாலர் கடன். படத்துக்கு இறுதி ஒப்புதல் தருவதென்றால் தங்கள் பங்குப் பணத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், அது அவர்களால் முடியவில்லை. டெல் டோரோ நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்து, ஜாக்சன், வால்ஷ், ஃபிலிப்பா போயன்ஸ் மூவருடன் திரைக்கதை எழுதினார், உயிரினங்களும் செட்டுகளும் வரைந்து தயாராகின. தேதி மட்டும் வரவில்லை. 2010 மே 30 அன்று விலகலை அறிவித்தார். அந்த நவம்பரில் எம்ஜிஎம் திவால் மனு போட்டது. படத்துக்கு ஒப்புதல் கிடைத்தது அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில்தான்.

நடிகர்கள், படைப்புக் கருத்து எல்லாவற்றையும் விட இங்கே பலியானது முன்தயாரிப்புக் காலம். ரிங்ஸுக்கு ஜாக்சனுக்குக் கிடைத்தது மூன்றரை ஆண்டு. ஹாபிட்டில் 2010 அக்டோபரில் ஒப்புதல், 2011 மார்ச் 21-இல் படப்பிடிப்பு. டெல் டோரோ பாணியில் வரைந்ததை அப்படியே எடுக்க இன்னொரு இயக்குநரால் முடியாது. காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு இல்லாமல் பல நாள் தளத்துக்குப் போனதாக ஜாக்சனே மூன்றாம் படத்தின் தயாரிப்பு ஆவணப்படத்தில் பேசியிருக்கிறார். இறுதிப் போர்க் காட்சியை எப்படி எடுப்பது என்று தெளிவில்லாமல் நிறுத்திவைத்து, 2013-க்குத் தள்ளினார்கள். 2012 ஜூலையில் இரண்டு படம் மூன்றானதும் அந்த இடைவெளி கிடைக்க ஒரு வழியானது.

இன்னொரு நாவலுக்கு 'இயக்குநர் ஒப்பந்தமானார்' என்று செய்தி வரும்போது, உரிமைக் கெடு எப்போது, விநியோகம் யாரிடம், இறுதி ஒப்புதலுக்கு எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். டெல் டோரோ அறிவிக்கப்பட்ட 2008 ஏப்ரலிலேயே கையெழுத்துப் போட வேண்டிய ஸ்டுடியோக்கள் இரண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.