திறன்பெயர்ச்சி என்று சொல்லலாமா?

பொருள்: மறு: மறு: ஆட்டமே மாறிவிடும் மாற்றத்துக்குத் தமிழ்

குழுவினருக்கு வணக்கம்.

விளையாட்டில் ஆட்டமே மாறிவிடும் மாற்றத்துக்குத் தமிழ்ச் சொல் தேடி நான்கு நாளாக ஓடும் இந்த இழையில் மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஆட்டமாற்றம், விதிப்புரட்சி, தொழில்நுட்ப ஊக்கமருந்து. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் சொல்லையும் வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> விதியோ கருவியோ மாறி, பெயர் மட்டும் பழையதாக நிற்க, ஆட்டமே வேறாகிவிடுகிறது அல்லவா? அதற்கு ஒரு சொல் வேண்டும்.

கேட்டவர் சரியாகத்தான் கேட்டார். நாம்தான் சொல் தேடும் அவசரத்தில், எதற்குச் சொல் என்பதைக் கோட்டைவிட்டோம். விதி மாறினால் ஆட்டம் மாறிவிடும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டோம். அப்படியில்லை. ஊரே கூச்சல் போட்ட மாற்றம் ஒன்றும் செய்யாமல் போயிருக்கிறது. விதிப்புத்தகத்தில் ஓர் எழுத்து மாறாமல் ஆட்டம் தலைகீழானதும் உண்டு. டேபிள் டென்னிஸ் ஒன்றை வைத்தே இரண்டையும் காட்டலாம். நான் இருபது வருடம் மட்டை பிடித்தவன், அதனால் அந்த மேசையை விட்டு நகர மனமில்லை.

1952இல் உலகப் போட்டி பம்பாயில் நடந்தது. அதுவரை மட்டை என்றால் பலகைமேல் புள்ளி புள்ளியாக மேடிட்ட ரப்பர், அவ்வளவுதான். பந்து பட்டால் டொக் என்று கேட்கும். எதிரில் நிற்பவர் கண்ணால் பார்ப்பதில் பாதியைக் காதால் தெரிந்துகொள்வார். ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாட்டோ தடித்த பஞ்சு ஒட்டிய மட்டையோடு இறங்கினார். சத்தமே இல்லை. பந்து பஞ்சில் புதைந்து, கவணிலிருந்து கிளம்பிய கல் மாதிரி திரும்பியது. பட்டம் வெல்வார் என்று பலர் எதிர்பார்த்த அமெரிக்கர் மார்ட்டி ரைஸ்மன் அவரிடம் தோற்றார். ஒற்றையர் பட்டம் சாட்டோவுக்கு. அவர் எந்த விதியையும் மீறவில்லை. மட்டை எப்படி இருக்க வேண்டும் என்று விதி சொல்லவே இல்லை.

சாட்டோ அப்புறம் ஒற்றையர் உலகப் பட்டம் வெல்லவில்லை. பஞ்சு தங்கிவிட்டது. 1959இல்தான் சர்வதேசச் சம்மேளனம் வரம்பு கட்டியது: பஞ்சும் ரப்பரும் பசையும் சேர்ந்து ஒரு பக்கம் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ரப்பர் மூடாத வெறும் பஞ்சுக்குத்தான் தடை; ரப்பரோடு சேர்ந்த பஞ்சுக்கு வரம்பு மட்டும். அதற்குள் வேலை முடிந்துவிட்டது. மேசையிலிருந்து தள்ளி நின்று, பந்தை வெட்டி வெட்டித் திருப்பி, எதிராளியின் பொறுமையைத் தின்று ஜெயிப்பது ஒரு காலத்தில் ராஜ வித்தை. ரிச்சர்ட் பெர்க்மன் நான்கு முறை ஒற்றையர் உலகப் பட்டம் வென்றது அப்படித்தான். இன்று அந்த வித்தை அருங்காட்சியகப் பொருள். 2003இல் பாரிஸில் தென்கொரியாவின் ஜூ செ-ஹ்யுக் அந்தப் பாணியில் இறுதியாட்டம் வரை வந்தபோது அரங்கமே அதிசயமாகப் பார்த்தது. ரைஸ்மனோ பழைய மட்டையை விடவே இல்லை. அதற்கென்று தனியாக நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியை 1997இல், தம் 67ஆம் வயதில் வென்றார். பழைய ஆட்டத்துக்குத் தனிப் போட்டியே வைக்க வேண்டியிருந்தது, கவனியுங்கள். ஒன்று இரண்டாகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இப்போது மறுபக்கம். 2000 அக்டோபரில் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2001 செப்டம்பரில் 21 புள்ளி ஆட்டம் 11 ஆனது. 2002 செப்டம்பரில் கையாலோ உடம்பாலோ மறைத்து சர்வீஸ் போடக் கூடாது என்றார்கள். இரண்டே வருடத்தில் மூன்று அடி. எங்கள் ஊர் கிளப்பில் ஒரு பெரியவர், "இனி இதுக்குப் பேர் டேபிள் டென்னிஸ் இல்ல" என்று சொல்லி மட்டையை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். (மறுவாரமே வந்துவிட்டார்.) ஆனால் நடந்தது என்ன? ஸ்வீடனின் யான்-ஓவ் வால்ட்னர் 1992இல் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், சிட்னியில் பழைய பந்தில் வெள்ளி வாங்கியவர். மூன்று மாற்றமும் வந்தபிறகு 2004 ஏதென்ஸில், 38 வயதில், மா லின்னையும் டிமோ போலையும் வீழ்த்தி அரையிறுதிக்குப் போனார். எந்தக் கையும் மூளையும் பழைய ஆட்டத்தில் சோறு போட்டதோ, அதே கையும் மூளையும் புதிய ஆட்டத்திலும் சோறு போட்டது. 21ஐ 11 ஆக்கியது கணக்குப்பிள்ளை வேலை. பெரிய பந்து சுழற்சியைக் கொஞ்சம் தின்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுழற்சி அறிந்தவனைப் பட்டினி போடவில்லை.

ஆக, என் அளவுகோல் இது: மாற்றத்துக்குப் பிறகு எந்தத் திறமைக்குக் கூலி நின்றுபோனது? எதற்குப் புதிதாகக் கூலி வந்தது? பதில் இருந்தால் ஆட்டம் மாறிவிட்டது. இல்லையென்றால் விதித்திருத்தம், அவ்வளவே. மைதானத்தில் இருந்த ஒரு திறன் நாற்காலியை விட்டு எழ, இன்னொன்று வந்து உட்காருகிறது. அதனால் திறன்பெயர்ச்சி என்கிறேன். இடப்பெயர்ச்சி என்று பள்ளி இயற்பியலில் ஏற்கெனவே படிக்கிறோம், காதுக்குப் புதிதாக இருக்காது.

> தொழில்நுட்ப ஊக்கமருந்து என்பது ஆங்கிலத்தின் டெக்னலாஜிக்கல் டோப்பிங்குக்கு நேராக வருகிறதே?

வருகிறது, அதுதான் தொல்லை. நீச்சலுடையை யாரும் விழுங்குவதில்லை. 2009 ரோம் உலகப் போட்டியில் பாலியூரித்தேன் உடைகளோடு 43 உலக சாதனைகள் விழுந்தன. 2010 ஜனவரியிலிருந்து அந்த உடைகளுக்குத் தடை. அங்கே ஒரு திறன் போய் இன்னொன்று வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்த திறனுக்கே மேலே ஒரு உந்துதல். அதற்குக் கருவியூக்கம் என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அகராதி பார்ப்பவர் குழம்புவார்.

> ஹாக்கியில் மாறியது தரை. தரை விதியா, கருவியா?

இந்தக் கேள்வி வந்தபோதுதான் விதிப்புரட்சியை நான் முற்றாகக் கைவிட்டேன். 1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் இந்தியா உலகக் கோப்பை வென்றது. மறு வருடம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை. இந்தியாவுக்கு ஏழாவது இடம். தரை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். 1980 மாஸ்கோவில் செயற்கைத் தரையிலேயே தங்கம் கிடைத்தது, பல அணிகள் வராத ஒலிம்பிக் என்றாலும். ஆனால் மேடுபள்ளப் புல்லில் பந்தை மட்டையோடு ஒட்டிக்கொண்டு போகும் மணிக்கட்டுக்கு இருந்த மதிப்பு, வழுவழுத் தரையில் ஓட்டத்துக்கும் நீளமாகத் தள்ளும் பந்துக்கும் போனது என்பதை அந்தக் கால ஆட்டக்காரர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். சொல்லும் விளைவைச் சொல்லட்டும்.

பொருள்: மறு: மறு: மறு: ஆட்டமே மாறிவிடும் மாற்றத்துக்குத் தமிழ்

அன்பரே,

விளக்கம் நன்று. மூன்று இடறல்கள் மட்டும். ஒன்று, திறன் முன் பகரம் வந்தால் பொற்பாவை போலத் திறற்பெயர்ச்சி என்றல்லவா புணர வேண்டும்? இரண்டு, பெயர்ச்சி என்றதுமே என் வீட்டில் "சனிப்பெயர்ச்சிப் பலன் எப்போ?" என்று கேட்டார்கள். மூன்று, போன வேகத்தில் திரும்பி வரும் மாற்றத்தை எங்கே வைப்பீர்கள்? ஒருநாள் கிரிக்கெட்டில் 2011 அக்டோபர் முதல் முனைக்கொரு புதுப்பந்து வந்தது. ஒரு பந்து அதிகம் போனால் 25 ஓவர்தான் உழைக்கும். பழைய பந்தை வைத்து ரிவர்ஸ் ஸ்விங் (வழக்கத்துக்கு எதிர்த் திசையில் வளையும் பந்து) போடுபவர் கடைசி ஓவர்களில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். 2025இல் 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து போதும் என்று விதியைத் திருப்பிவிட்டார்கள்.

பொருள்: மறு: மறு: மறு: மறு: ஆட்டமே மாறிவிடும் மாற்றத்துக்குத் தமிழ்

ஐயா,

நன்னூல்படி நீங்கள் சொல்வதே சரி. ஆனால் திறன்பேசியைத் திறற்பேசி என்று யாரும் விற்கவில்லை. அந்த வழக்கின் நிழலில் இதுவும் ஒதுங்கிக்கொள்ளட்டும்.

சனிப்பெயர்ச்சி பற்றி: முதலில் நானும் நெளிந்தேன். யோசித்தால் அது நமக்குச் சாதகம். கிரகம் அதேதான், வீடுதான் மாறுகிறது. நேற்றுவரை நல்ல காலமாக இருந்தவருக்கு இன்று ஏழரை. பெர்க்மனுக்கு நடந்ததும் அதுதானே. ரிவர்ஸ் ஸ்விங் திரும்பி வந்ததும் திறன்பெயர்ச்சிதான், திசைதான் வேறு. கிரகம் பின்னோக்கிப் போவதைச் சோதிடத்தில் வக்கிரம் என்பார்கள், அதையும் கலைச்சொல்லாக்க எனக்குத் துணிவில்லை.

மறுப்பு இல்லையென்றால் ஞாயிறு மாலை நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். எடுத்துக்காட்டு வாக்கியம்: "1952 பம்பாய் உலகப் போட்டியில் பஞ்சு மட்டை ஒரு திறன்பெயர்ச்சியைத் தொடங்கிவைத்தது." பட்டியலில் அடுத்து நிற்பது 2008இல் தடையான ஸ்பீட் க்ளூ (மட்டையில் ரப்பரை ஒட்டும், பந்தின் வேகத்தைக் கூட்டும் பசை). வேகப்பசை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.