கடைசி நாளில் நாம் பார்க்காத ஆட்டம்

டோர்ட்முண்டிலிருந்து:

ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் பருவத்தின் கடைசிச் சுற்று ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் தொடங்கும். முன்னால் ஆடி முடித்தவர்களின் முடிவைத் தெரிந்துகொண்டு பின்னால் ஆடுபவர்கள் கணக்குப் போட்டு ஆடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே, பட்டம் யாருக்கு என்பது கடைசி நாள்வரை இழுபடும் ஆண்டுகளில், ரசிகன் ஓர் ஆட்டத்தைக் கண்ணாலும் இன்னோர் ஆட்டத்தைக் காதாலும் தொடர வேண்டியிருக்கிறது. என்னை அதிகம் வதைத்தது காதால் கேட்ட ஆட்டம்தான். 2023 மே 27 அன்று நடந்ததை எழுதுகிறேன். இப்படி உங்களுக்கும் நேர்ந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

அன்று காலை ஜெர்மன் லீக்கில் எங்கள் டோர்ட்முண்ட் 70 புள்ளிகளுடனும் பயெர்ன் மியூனிக் 68 புள்ளிகளுடனும் இருந்தன. எங்களுக்குச் சொந்த மைதானத்தில் மைன்ஸ் அணியுடன் ஆட்டம், அவர்களுக்குக் கொலோனில். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று. வென்றால் போதும், 2012க்குப் பிறகு முதல் முறையாகப் பட்டம் எங்களுடையது. எண்பத்தோராயிரம் பேர் கொள்ளும் அரங்கில் எனக்கு ஒரு சீட்டுக்கூடக் கிடைக்கவில்லை. அதனால், பட்டம் வென்றால் ஊரே திரளும் போர்சிக்பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய மதுக்கடையில் இடம் பிடித்தேன். அங்கே தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுதான். அதில் எங்கள் ஆட்டம் மட்டும். கொலோன் ஆட்டம் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெரியவரின் ஒரு காதில் இருந்தது. ஒற்றைக் காதில் வானொலிக் கருவியைச் செருகிக்கொண்டு, பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் பென்சிலால் புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது நிமிடத்தில் அவர் ஒன்றும் பேசாமல் அட்டையில் ஒரு கோடு போட்டார்: பயெர்னின் கோமான் கோல் அடித்துவிட்டிருந்தார். பதினைந்தாவது நிமிடத்தில் மைன்ஸும் எங்கள் வலைக்குள் பந்தை அனுப்பியது. நான்கு நிமிடம் கழித்து எங்களுக்குக் கிடைத்த பெனால்ட்டியை, புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து அந்த ஜனவரியில்தான் களத்துக்குத் திரும்பியிருந்த ஹாலெர் அடிக்க, மைன்ஸ் கோல் காப்பாளர் டாமென் தடுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் மைன்ஸின் இரண்டாவது கோலும் விழுந்தது. கடைக்குள் கோப்பை வைக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இரண்டாம் பாதியில், 69ஆவது நிமிடத்தில், கெரேரோ ஒன்றைத் திருப்பினார். இனி இரண்டு கோல் வேண்டுமே என்று நாங்கள் விரல் மடக்கிக்கொண்டிருந்தபோது, 81ஆவது நிமிடத்தில், பெரியவர் மேசையைக் கையால் அறைந்தார். கொலோனுக்குப் பெனால்ட்டி கிடைத்து லுபிச்சிச் கோலாக்கியிருக்கிறார். சில நொடிகளுக்குப் பிறகே தொலைக்காட்சியில் எங்கள் அரங்கம் இரைந்தது. திரையில் அப்போது கொண்டாடும்படி ஒன்றுமே நடக்கவில்லை. அவர் அட்டையை என் பக்கம் தள்ளினார். 70, 69 என்று எழுதியிருந்தது. சொந்த மைதானத்தில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றுக்கொண்டிருந்த நாங்கள் அந்த நேரத்தில் ஜெர்மனியின் சாம்பியன்கள். இதைவிட விசித்திரமான எட்டு நிமிடங்களை நான் வாழ்ந்ததில்லை.

89ஆவது நிமிடத்தில் அவர் காதிலிருந்து கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பயெர்னுக்காகக் கோல் அடித்த முசியாலாவின் பெயரைப் பிறகு திரையின் அடியில் ஓடிய எழுத்தில்தான் படித்தேன். கூடுதல் நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் எங்கள் ஸ்யூலே அடித்த சமன் கோலால் இரு அணிகளும் 71 புள்ளிகளில் நின்றன. புள்ளிகள் சமமானால், அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்து வரும் கோல் வித்தியாசம்தான் தீர்மானிக்கும். பயெர்னின் கோல் வித்தியாசம் 54, எங்களுடையது 39. இன்னும் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் அந்த வித்தியாசத்துக்கு வேலையே இருந்திருக்காது. பயெர்னுக்கு அது தொடர்ச்சியாகப் பதினோராவது பட்டம். அதே நாளில் அந்த அணி தன் நிர்வாகிகளான ஆலிவர் கானையும் சாலிஹாமிட்சிச்சையும் பதவியிலிருந்து நீக்கிய செய்தியும் வந்தது. பட்டம் வென்ற வீட்டிலேயே நிம்மதி இல்லை என்று அற்பமாக மகிழ்ந்துகொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிந்த பின்னரும் தெற்கு மாடத்தில் யாரும் கலையவில்லை. பயிற்சியாளர் தெர்சிச் அவர்கள் முன்னால் கண்ணீருடன் நின்றதைக் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தோம்.

*

கெல்சன்கிர்ஷனிலிருந்து:

தம்பி, நான் ஷால்கே ஆதரவாளன். டோர்ட்முண்ட்காரருக்கு ஆறுதல் சொல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஆயினும் நீங்கள் எழுதியதை வாசித்தபோது 2001 மே 19 நினைவுக்கு வந்துவிட்டது.

நான் 1988இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்தவன். அந்நாட்களில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உதைபந்தாட்டத்தை எனக்குக் கற்றுத்தந்தவர் அங்கே சமைத்த ஜேர்மன்காரர். சனிக்கிழமைகளில் தொட்டிக்கு மேலிருந்த தட்டில் வானொலியை வைப்பார். வர்ணனை ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிச் செல்லும். எந்த மைதானத்தில் ஆரவாரம் கேட்கிறதோ அங்கே வர்ணனையாளர் இடைமறித்துக் கத்துவார். மொழியை நான் படித்ததில் பாதி அந்த வானொலியில்தான்.

அன்று பயெர்ன் ஷால்கேயைவிட மூன்று புள்ளிகள் முன்னால் நின்றது. ஹம்பேர்க்கில் சமநிலை எடுத்தாலே அவர்களுக்குப் போதும். ஷால்கே பழைய பார்க்ஸ்டேடியனில் தன் கடைசி லீக் ஆட்டத்தை உன்டர்ஹாகிங்குடன் ஆடியது. இரண்டு கோல் பின்தங்கி, பிறகு 5–3 என்று வென்றது. தொண்ணூறாவது நிமிடத்தில் வர்ணனை ஹம்பேர்க்குக்குத் தாவியது. ஹம்பேர்க்கின் பார்பரேஸ் தலையால் முட்டிக் கோல் அடித்துவிட்டார்! கோல் வித்தியாசம் எங்கள் பக்கம். சமையற்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். சவர்க்கார நுரையுள்ள கையுறைகளோடே நானும் அவரைக் கட்டிக்கொண்டேன். தெருவில் கார்கள் ஒலி எழுப்பத் தொடங்கிவிட்டன. மைதானத்தில் ஹம்பேர்க் ஆட்டம் முடிந்துவிட்டது என்ற பொய்யான செய்தி பரவி, சனம் புல்வெளிக்குள் இறங்கிக் கொண்டாடியது.

ஆனால் ஹம்பேர்க்கில் ஆட்டம் முடிந்திருக்கவில்லை. தன் அணி வீரர் திருப்பித் தந்த பந்தை ஹம்பேர்க் கோல் காப்பாளர் கையால் எடுத்துவிட்டதாக நடுவர் பயெர்னுக்கு மறைமுக உதை வழங்கினார். அந்தக் காப்பாளர் ஷோபர் முன்பு ஷால்கேயில் இருந்தவர் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். எஃபன்பெர்க் தட்டிவிட, ஆண்டர்சன் உதைத்தார். பந்து எல்லாக் கால்களுக்கும் இடையால் உள்ளே போனது. நான்கு நிமிட அளவில் எங்கள் பட்டம் முடிந்தது. பயெர்ன் 63, ஷால்கே 62. 1958இலிருந்து காத்திருந்த ஊர் அது. மறுவாரம் ஜேர்மன் கிண்ணத்தை வென்றும் யாருக்கும் மனம் ஆறவில்லை. மனங்களின் சாம்பியன் என்று எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வைத்து யாரும் கேடயம் தரவில்லை.

2023இல் உங்கள் கண்ணீர் நாளன்றே நாங்கள் லைப்சிக்கில் 4–2 என்று தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

சென்னையிலிருந்து:

என்னுடையது 2019 மே 12, ஞாயிறு இரவு ஏழரை மணி. அதே நேரத்தில் ஹைதராபாத்தில் ஐபிஎல் இறுதி ஆட்டம் இருந்ததால், வீட்டுத் தொலைக்காட்சி அப்பாவுக்கும் சிஎஸ்கேவுக்கும் போய்விட்டது. நான் கைப்பேசியில் லிவர்பூல்–வோல்வ்ஸ் ஆட்டத்தைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இங்கிலாந்து லீக்கில் மான்செஸ்டர் சிட்டி 95 புள்ளிகள், லிவர்பூலாகிய நாங்கள் 94. பிரைட்டனில் சிட்டி சறுக்க வேண்டும். 27ஆவது நிமிடத்தில், ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் எங்கள் மைதானமான ஆன்ஃபீல்ட் வெடித்தது. பிரைட்டனுக்காக முர்ரே கோல் அடித்திருந்தார். நான் கூச்சலிட்டதில் அப்பா விக்கெட் விழுந்துவிட்டதோ என்று திரையை உற்றுப் பார்த்தார். 83 நொடிகளில் அகுவேரோ அதைச் சமன் செய்துவிட்டார். கைப்பேசியில் அந்தக் கோல் எண் மாறியபோது, முர்ரேயின் பெயரை நான் இன்னும் நண்பர்களுக்குத் தட்டச்சு செய்து முடித்திருக்கவில்லை.

சிட்டி 4–1 என்று வென்று 98 புள்ளிகள். பருவம் முழுவதும் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்ற நாங்கள் 97. அந்த ஒரு தோல்வியும் சிட்டியிடம்தான். அதில் கோல் கோட்டைத் தாண்ட 11.7 மில்லிமீட்டரே மிச்சமிருந்தபோது சிட்டியின் ஸ்டோன்ஸ் வெளியே தள்ளிய பந்தைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். நான் வாடிய முகத்துடன் உட்கார்ந்திருக்க, இரண்டு மணி நேரம் கழித்துக் கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம் தேவை என்ற நிலையில் மலிங்கா ஷர்துலை எல்பிடபிள்யூ ஆக்கினார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அப்பா என்னிடம், "உன் டீம் எவ்வளவுல தோத்துச்சு?" என்று கேட்டார். ஒரு புள்ளி என்றேன். "இதுவும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

*

தோஹாவிலிருந்து:

எல்லா நாட்டிலும் கோல் வித்தியாசம் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். 2007இல் ஸ்பெயின் லீக்கில் எங்கள் பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் 76 புள்ளிகளில் முடித்தன. கோல் வித்தியாசத்தில் நாங்கள் வெகுதூரம் முன்னால் இருந்தும், நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களை வைத்துப் பட்டம் அவர்களுக்குப் போனது. கடைசிக்கு முந்தைய சுற்றில் சரகோசாவில் நிஸ்டல்ரூய் மாட்ரிட்டுக்குச் சமன் செய்ய, சில நொடி இடைவெளியில் எங்கள் மைதானத்தில் எஸ்பான்யோலின் தமூதோ எங்களுக்கு எதிராகச் சமன் செய்தார். அறையில் பத்துப் பேர் இருந்தோம்; எந்தக் கோலுக்கு முதலில் அழுவது என்று தெரியாமல் நின்றோம்.

*

டோர்ட்முண்டிலிருந்து:

கெல்சன்கிர்ஷன் ஐயாவுக்கு: ஷால்கே இறங்கிய செய்தி வந்தபோதும் நான் அந்தப் பெரியவரின் பக்கத்தில்தான் இருந்தேன். கருவியை மறுபடி காதில் செருகியிருந்தார். அதை அவர் அட்டையில் எழுதவில்லை. ஆனால் அன்று மாலை அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.