கார்டு கண்காட்சியில் பேரம் பேசிப் பழகியவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு வீரர் கார்டுகள் விற்கும் கண்காட்சிக்குப் போகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தரச்சான்றோடு இருப்பவை எனக்கு எட்டாது. மேசை ஓரத்தில் அட்டைப்பெட்டிகளில் குவித்து வைத்திருப்பார்களே, அங்கேதான் என் தேடல்.

போன முறை அப்படித் துழாவியபோது அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 தொகுப்பிலிருந்து பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் கார்டு கிடைத்தது. அந்தத் தொகுப்பின் முதல் எண் கார்டு! கை நடுங்கியது. வீட்டுக்கு வந்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், மூலையருகே மயிரிழை போல ஒரு மடிப்பு. உறைக்குள் இருந்தபோது தெரியவே இல்லை. அந்தக் காலத்துக் கார்டுகளை ஏராளமாக அச்சடித்துவிட்டார்கள். நிலை நன்றாக இருந்தால்தான் மதிப்பு.

உறையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லி விற்பவரிடம் கேட்கலாமா, தப்பாக நினைப்பார்களா? தேய்ந்த ஓரத்தை வெட்டிப் புதிதுபோல் காட்டும் கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கார்டின் அளவு 2.5க்கு 3.5 அங்குலம் என்று தெரியும். சாதாரணக் கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒட்டி வைத்துப் பார்த்தால் போதுமா?

அப்புறம் பேரம். பத்துப் பதினைந்தைச் சேர்த்து எடுத்து மொத்தமாக விலை கேட்பதா, கடை கட்டும் நேரம்வரை காத்திருப்பதா? காத்திருந்தால் நல்லதெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சனிக்கிழமைக்குள் சொன்னால் பெரிய உதவி.