வைக்கோலை அணைக்கச் சொன்ன பாட்டி: நினைவு நாள் அனுபவங்கள்

நாலடவு:

நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் யாரிடமும் இதை முழுசாகச் சொன்னதில்லை. கீழ்வெண்மணி, டிசம்பர் 25. எங்கள் பறைக்குழுவில் எட்டுப் பேர். ராத்திரி பஸ்ஸில் திருவாரூர், அங்கிருந்து வேன் பிடித்து தேவூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வெண்மணி என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். 1968, அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட தலித் கூலிகள், அவர்களின் செங்கொடி, ராமையாவின் குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேர்.

விடியற்காலைப் பனியில் தோல் நன்றாகத் தொய்ந்துபோயிருந்தது. கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. நினைவிடத்துக்குப் பக்கத்தில், தெரு முனையில், இரண்டு பிடி வைக்கோலைப் போட்டுப் பற்றவைத்தோம். எல்லா ஊரிலும் செய்வதுதான். தோல் இறுகுவதற்காகப் பறையைத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பி விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி வீட்டுக்குள்ளிருந்து சொம்போடு வந்தார்கள். எழுபதுக்கு மேல் இருக்கும். தண்ணீர் குடிக்கக் கொடுக்க வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"பாப்பா, அந்த வைக்கோல அணைச்சுடுறியாம்மா?"

கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, இறக்கி வை என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார்கள். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்கள். நான்தான் ஊற்றினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், அப்புறம் அந்தப் புகை. பாட்டி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

ராத்திரி முழுக்க பஸ்ஸில் வெண்மணியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம். எட்டுப் பேரில் ஒருத்தருக்குக்கூட அங்கே தீ மூட்டக்கூடாது என்று தோன்றவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தேவூர்க்காரன்:

நான் அந்தப் பக்கத்து ஆள். எல்லாப் பாட்டிகளும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் தப்பு காய்ச்ச வைக்கோல் கொண்டுவந்து தருகிறவர்களும் உண்டு. (நீங்கள் பறை என்கிறீர்கள், எங்கள் வாயில் தப்புதான் வரும்.)

என்னை அரிக்கிற விஷயம் வேறு. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். டிசம்பர் 24 ராத்திரி பூசை முடிந்து, காலையில் வெண்மணி. சின்ன வயசிலிருந்து அப்படித்தான். எங்கள் அம்மாச்சி மட்டும் வீட்டில் ஸ்டார் கட்ட விடமாட்டார்கள். ஒரு வருஷம் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கிற முறை எனக்கு வந்தது. பதினாலு வயசு எனக்கு. அம்மாச்சி ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னார்கள்: "அரைப்படி நெல் கேட்டுச் செத்தவர்களுக்காக மன்றாடுவோம்." பூசைக்கு முன்னால் பங்குச் சாமியார் தாளை வாங்கிப் பார்த்தார். "இது பிறப்புப் பெருவிழா தம்பி, இறந்தவர்களுக்கு நவம்பர் 2 இருக்கிறதே" என்று பேனாவால் அந்த வரியை அடித்தார். நல்ல மனிதர், அதட்டவில்லை.

மீதி நாலு மன்றாட்டையும் வாசித்தேன். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாச்சியின் குரல் மட்டும் தனியாக வந்தது. அடித்த வரியை மனப்பாடமாகச் சொன்னார்கள். ஒரு நொடி கோயிலே அமைதியாக இருந்தது. அப்புறம் பின்வரிசையில் நாலைந்து பேர், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." பாட்டுக்குழு உடனே அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது.

நான் வாசித்திருக்கலாம். தாளில்தானே அடித்திருந்தார், எனக்கு வாய் இருந்ததே.

தோல்கருவி:

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். இதில் பாட்டியிடம் வருத்தப்பட எதுவும் இல்லை. தயாரிப்பில் குறை, அவ்வளவுதான். நானும் மதுரைப் பக்கம் மேலவளவுக்கு ஜூன் 30-ல் போயிருக்கிறேன். 1997-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஆறு பேரையும் வெட்டிக் கொன்ற நாள். அன்றைக்குத் திடீர் மழை, பறை நனைந்து முதல் அடியே "தொப்"பென்று விழுந்தது. கூட்டத்தில் ஒரு சின்னப் பையன் சிரித்துவிட்டான், அவனுடைய அப்பா அவன் வாயைப் பொத்தினார். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கவனம்.

முதலில், ராத்திரிப் பயணத்தில் பறையை வெறுமனே கொண்டுபோகக் கூடாது. கம்பளியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. பஸ்ஸின் அடியில் இருக்கிற டிக்கியில் போடவே கூடாது, ஈரம் அங்கேதான் சேரும். போய் இறங்கியதும் உறையைப் பிரிக்காதீர்கள், பனி விலகட்டும். தீ மூட்ட முடியாத இடத்தில் வெயிலே போதும், தகரக் கூரைமேல் முகம் மேலே பார்த்தபடி அரை மணி நேரம். வெயிலும் இல்லையா, ஒரு மரப்பெட்டிக்குள் நூறு வாட்ஸ் குண்டு பல்பை எரியவிட்டு மேலே பறையைக் கவிழ்த்துவிடலாம். எங்கள் குழு அப்படித்தான் செய்கிறது. இல்லையென்றால் ஃபைபர் பறை வாங்கிவிடுங்கள். அதைத் தீயில் காய்ச்சவே வேண்டாம், மழையிலும் கணீரென்று இருக்கும். மாட்டுத்தோலின் அடிநாதம் வராது என்று சிலர் சொல்வார்கள். அடிக்கிற குச்சியைக் கொஞ்சம் கனமாக வைத்துக்கொண்டால் வித்தியாசம் பாதி குறையும். புதுத்தோல் கட்டுகிறவர்கள் கட்டின முதல் வாரத்தில் தீயில் காட்டவே கூடாது, வாய் பிளந்துவிடும். இதையெல்லாம் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கரையோரம்:

தோல்கருவி அண்ணா, நாலடவு பல்பு கேட்டாரா? நாங்கள் பத்திரமாக எடுத்துப்போகிற பொருள் அங்கே இருப்பவர்களுக்கு எதை நினைவுபடுத்தும் என்பதுதான் அவர் எழுதியது. என் கதையைச் சொல்கிறேன், அப்போது புரியும்.

அடுத்த நாள், டிசம்பர் 26. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் செத்தவர்கள் 6,065 பேர். வேளாங்கண்ணியில் வருஷா வருஷம் மௌன ஊர்வலம், எல்லா மதத்தாரும் சேர்ந்து பிரார்த்தனை, நினைவுத் தூணுக்கு மலர். பத்தாவது வருஷம் அப்பாவைக் கூட்டிப்போனேன். எங்களுக்கு அங்கே சொந்தபந்தம் யாரும் சாகவில்லை. அப்பா ஒரு நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். சுனாமிக்கு அடுத்த நாளே லாரியில் ஏற்றி நாகைக்குக் கொண்டுபோனார்கள். எத்தனை நாள் இருந்தார், எத்தனை உடலைத் தூக்கினார் என்று வீட்டில் சொன்னதே இல்லை. பல ஊர்களிலிருந்து இப்படிப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் எங்கள் சாதிக்காரர்கள். நான் போன அந்தப் பிரார்த்தனையில் மீனவர்களைச் சொன்னார்கள், யாத்ரீகர்களைச் சொன்னார்கள், உதவிய நல்லுள்ளங்கள் என்றும் சொன்னார்கள். அந்த நல்லுள்ளத்தில் அப்பா வருகிறாரா இல்லையா, எனக்குத் தெரியாது.

ஊர்வலம் போகிற பாதையில் இரண்டு பக்கமும் ப்ளீச்சிங் பவுடரால் கோடு போட்டிருந்தார்கள். நம் ஊரில் எந்த விசேஷத்துக்கும் போடுவதுதானே. அப்பா வரிசையில் வந்துகொண்டிருந்தவர் அந்தக் கோட்டருகே நின்றார். குனிந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "வாங்கப்பா" என்றேன். "வாடை வருதும்மா" என்றார். கூட்டம் எங்களைத் தாண்டிப் போயிற்று. ஒரு சிஸ்டர் வந்து அப்பா கையில் ரோஜாவைக் கொடுத்தார்கள். அப்பா அதை இரண்டு விரலால் காம்பைப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருந்தார், பூவில் தன் கை பட்டுவிடக் கூடாது என்பதுபோல. கோட்டைத் தாண்டி வரவில்லை. பூவை நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். நினைவு நாள் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிணம் தூக்கினவர்களைத் தொழிலைச் சொல்லியே ஒரு வரி சொல்லுங்கள்.

திருமலை மருமகள்:

வாசிக்க வாசிக்க நெஞ்சு அடைக்குது. எங்கட இலங்கைப் பக்கம் மே 18, 2009-ல முள்ளிவாய்க்காலில போர் முடிஞ்ச நாள். முள்ளிவாய்க்கால் கஞ்சி பற்றி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அரிசியும் தண்ணியும் உப்பும், சிரட்டையில வாங்கிக் குடிக்கிறது. அதைக் காய்ச்சினதுக்காகவே 2024-ல திருகோணமலைச் சம்பூரில பெண்களைப் பொலிஸ் கைது செய்தவை.

என்ர மாமி 2009-ல அந்தப் போருக்குள்ள இருந்தவ. கோயிலடியில கஞ்சி குடுக்கேக்க அவவையும் கூட்டிக்கொண்டு போனன். சனம் ஒழுங்கா வரிசையில நிண்டுது. மாமி அண்டாவைக் கண்டதும் என்ர கையை உதறிப்போட்டு ஓடினா. அறுபத்தெட்டு வயசு, முழங்கால் ஏலாது. முன்னுக்கு நிண்ட சின்னப் பிள்ளையைத் தள்ளிப்போட்டுச் சிரட்டையை நீட்டினா. வாங்கின கையோட சுவரோரம் குந்தியிருந்து, தலையைக் குனிஞ்சு, மூச்சுவிடாமக் குடிச்சா. அங்க கஞ்சிக்கு வரிசையில நிண்ட சனத்துக்கு மேலதானே ஷெல் விழுந்தது, நிண்டு குடிக்க ஏலாது. குடிச்சு முடிச்சுப்போட்டு நிமிர்ந்து பார்த்தா. எல்லாரும் அவவையே பார்த்துக்கொண்டு நிண்டவை. அந்தப் பிள்ளையிட்டப் போய் "மன்னிச்சுக்கொள்ளு குஞ்சு" எண்டு கும்பிட்டா. பிள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்ல.

அடுத்த வருசம் கூப்பிடவோ விடவோ எண்டு நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவவே காலமை தோய்ஞ்சு வெளிக்கிட்டு வாசலில நிண்டா.

அகல்:

நாலடவு எழுதியதைப் படித்ததிலிருந்து சொல்ல நினைத்தேன். தீ என்றால் ஒதுங்கத்தான் வேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவாக்கிவிடாதீர்கள். வெண்மணிக்குப் பிறகு அந்த வட்டாரத்துக்கு வந்து தங்கி, நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வள்ளலார் வழி. அவருக்குப் பிரார்த்தனை என்றாலே ஜோதிதான். அவரும் கணவர் ஜெகந்நாதனும் 1981-ல் தொடங்கிய லாப்டி அமைப்பு பெண்கள் பெயரில் பட்டா எழுதியது. எங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு ஏக்கர் வந்தது. டிசம்பர் 25 சாயங்காலம் அம்மா அகல் ஏற்றுவார்கள். பிளாஸ்டிக் கவரில் போட்ட பட்டா நகலை அதன் முன்னால் வைப்பார்கள். சாமி படம் கிடையாது, பாட்டு கிடையாது. "அருட்பெருஞ்ஜோதி" என்று மூன்று தடவை, அவ்வளவுதான். ஒரு வருஷம் பொறி பட்டு கவரின் மூலை உருகிவிட்டது. அம்மா அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். காகிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் பட்டாவை ஒரு முழம் தள்ளி வைக்கிறார்கள், விளக்கு ஏற்றுவது மட்டும் நிற்கவில்லை.

இன்னொன்று. 1973-ல் வெண்மணி வழக்கில் உயர் நீதிமன்றம், கார் வைத்திருக்கிற மிராசுதாரர்கள் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று விடுதலை செய்ததே, அதை உங்கள் பறைப் பாட்டுக்குள் வையுங்கள். பறை அடிக்கிறவர்கள் 44 என்ற எண்ணோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

நாலடவு:

அகல், வைத்திருக்கிறோம், ஆனால் கடைசியில் ஒரே ஒரு வரியாக. நீங்கள் சொல்வது சரி, போதாது. கரையோரம், உங்கள் அப்பாவின் வரியை இந்த வருஷம் நாங்கள் சொல்கிறோம். தோல்கருவி, எங்களிடம் இரண்டு ஃபைபர் பறை இருக்கின்றன, ஆனால் அங்கே தோல்பறைதான் அடிக்கத் தோன்றுகிறது.

முதலில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் காய்ச்சாத பறையோடுதான் அடித்தோம். முடிந்து வேனில் ஏறும்போது பாட்டி ஜன்னலருகே வந்து, "அடுத்த வருஷமும் வருவியா?" என்று கேட்டார்கள். வருவேன் என்றேன். அதற்கப்புறம் போகவே இல்லை. இந்த டிசம்பர் போகிறேன். தேவூர்க்காரன், அந்தத் தெருவில் தங்கவும் பறையை வெயிலில் வைக்கவும் இடம் கிடைக்குமா?

தேவூர்க்காரன்:

எங்கள் வீட்டுக்கே வாங்க. 24 ராத்திரியே வந்துவிடுங்கள், பூசைக்கும் போய்வரலாம். மன்றாட்டு இந்த வருஷம் என் மகள் முறை. திண்ணையில் எட்டு மணிக்கு வெயில் விழும். மார்கழி வெயிலைச் சொல்ல முடியாது, மூடாப்பாக இருந்தால் தொய்ந்த தோலோடு அப்படியே அடியுங்கள்.