உதவி: ஸ்பார்க் பிளக்கை ராவிய பிறகு மேட்டில் மட்டும் வண்டி திணறுகிறது

மேட்டுப்பாதை:
வணக்கம். என்னுடையது 150 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்பரேட்டர் வண்டி. பிளக்கில் மைய மின்முனைக்கு மேல் வளைந்து நிற்கும் பக்க மின்முனையைக் குட்டையாக்கினால் பொறிக்கு மறைப்பு இருக்காது, மைலேஜ் கூடும் என்று படித்தேன். ஓடிக்கொண்டிருந்த பிளக்கையே கழற்றி, கரியைத் துடைத்து, மைய மின்முனையின் விளிம்பையும் தாண்டிப் பின்வாங்கும் அளவுக்கு அரத்தால் ராவி மாட்டினேன். ஐட்லிங் அருமை, ஸ்டார்ட்டிங்கும் சுலபம். ஆனால் மேட்டில் நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால் விட்டுவிட்டு வெட்டுகிறது. பெட்ரோல் வரத்தில் கோளாறா?

அரக்காரர்:
பெட்ரோலைச் சந்தேகிக்கும் முன் பிளக்கைப் பாருங்கள். விளிம்பைத் தாண்டி ராவியதால் பொறி இப்போது குறுக்காகத் தாவுகிறது, தூரம் கூடிவிட்டது. ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அந்தத் தூரத்தைப் பொறி எளிதில் கடந்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் காற்று நிறைய புகுந்து நெரிபடும்போது அதே தூரத்தைக் கடக்க மின்னழுத்தம் மிக அதிகமாக வேண்டும். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலால் அதைத் தர முடியாத சுற்றுகளில் எரிதல் நடக்காது. சமதரையில் தெரியாத நோய் மேட்டில் தெரிவது இதனால்தான். இப்படியே ஓட்டினால் காயிலும் பிளக் தொப்பியும் பாழாகும். மின்முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து சொல்லுங்கள்.

கூர்முனை:
அதற்காக ராவுவதே வீண் என்று சொல்லிவிடாதீர்கள். கூரான விளிம்பிலிருந்து பொறி எளிதாகக் கிளம்பும், குளிர்ந்த உலோகம் குறைவாக இருந்தால் பிறந்த சுடரும் சீக்கிரம் வளரும். இரிடியம் பிளக்குகளின் மைய முனையை 0.4 அல்லது 0.6 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகச் செய்வதும் இதற்காகத்தான்.

அரக்காரர்:
உண்மைதான். ஆனால் இரிடியம் 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும், நிக்கலோ 1,455 டிகிரியிலேயே உருகிவிடும். சாதாரண பிளக்கில் நாம் ஏற்றும் கூர்மை சீக்கிரமே மழுங்கிவிடும். அதற்குள் பிசிறு ஏதாவது பழுக்கக் காய்ந்தால் பொறி வருமுன்பே பெட்ரோல்-காற்றுக் கலவை தீப்பிடிக்கும், பிஸ்டனுக்கு அது ஆகாது. கலவை ஒருமுறை ஒழுங்காகப் பற்றிக்கொண்டால் பிளக்கின் வேலை முடிந்தது. மைலேஜை அதற்குமேல் அது எங்கிருந்து கொண்டுவரும்?

மேட்டுப்பாதை:
அளந்தேன், 1.2 மி.மீ. கையேட்டில் 0.7 முதல் 0.8 வரை என்று இருக்கிறது. புதிய பிளக்கை ராவாமல் 0.8 வைத்து மாட்டினேன். மேட்டில் வெட்டுவது நின்றுவிட்டது. ஐட்லிங்கும் ராவிய பிளக்கில் இருந்த அளவுக்கே நன்றாக இருக்கிறது.

அரக்காரர்:
அப்படியானால் முன்பு கிடைத்த பலன் ராவியதால் அல்ல, கரியைத் துடைத்ததால் வந்தது. பழைய பிளக்கைச் சுத்தம் செய்து ராவிவிட்டு, ராவலைப் புகழ்கிறவர்கள் பலர். துடைத்தது கம்பித் தூரிகையாலா? அதன் உலோகப் பொடி மைய மின்முனையைச் சுற்றியுள்ள பீங்கானில் ஒட்டி மின்சாரம் கசிய வழிசெய்யும். அந்தப் பிளக்கை மறுபடி மாட்டாதீர்கள். அதிலிருந்த கரி எப்படி இருந்தது?

மேட்டுப்பாதை:
கம்பித் தூரிகைதான். கரி உலர்ந்து, அடுப்புப் புகை படிந்ததுபோல் கறுப்பாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

கூர்முனை:
பெட்ரோல் மிகுந்த கலவையின் அடையாளம் அது. உங்கள் மைலேஜ் அங்கேதான் போகிறது. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுவது) முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள், கேபிள் இறுகிப் பாதியில் நின்றுவிடுவதுண்டு. இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் கார்பரேட்டரைத் தொடுங்கள். பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் புதிய பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி.